மூன்று வரிக்கு மேல் கூடாது

பிப்ரவரி 24, திங்கள்

சேர்ந்து எட்டு மாதம். இன்றுதான் என் அறை வாசலில் பலகை மாட்டினார்கள். ‘சுகிர்தா, எம்.ஏ. உளவியல். ஆலோசகர்.’ ஆலோசனை கேட்டு இதுவரை வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்திக்குப் பல்வலி.

என் உண்மையான வேலை சீட்டு எழுதுவது. பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளி இது. சேலத்திலிருந்து ஒரு மணி நேரம். பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும் இருநூற்றுப் பத்துப் பேர். யாரிடமும் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேசலாம் என்று இருந்ததும் பொங்கலோடு நின்றுவிட்டது. பெற்றோர் மாலை நான்கிலிருந்து ஐந்துக்குள் அலுவலக எண்ணுக்கு அழைத்துச் சேதி சொல்ல வேண்டும். நான் அதை மஞ்சள் தாளில் எழுதி, சுண்டல் நேரத்தில் அந்தந்தப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். மூன்று வரிக்கு மேல் கூடாது. அழுகை, நோய், சண்டை கூடாது. பிள்ளையை போனுக்குக் கூப்பிடக் கூடாது. தாளாளர் ஐயாவின் விதிகள். போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.

‘மிஸ், எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். ஒவ்வொரு அம்மாவின் வார்த்தையையும் அப்படியே விடுவேன், வேறொன்றுமில்லை. கொஞ்சம் பெருமைதான்.

பிப்ரவரி 26, புதன்

ஓர் அப்பா, மாடு செத்துப்போனதைச் சொன்னார். ஐயா பக்கத்தில் நின்றிருந்தார். லேசாகத் தலையை ஆட்டினார். ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று எழுதினேன். மாடு ‘எல்லாரும்’ என்பதில் சேருமா என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 1, சனி

அம்சவேணியின் அம்மா அழைத்தார். பெயர் சின்னப்பாப்பா. அரூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். இத்தனை அம்மாக்களில் எனக்குப் பெயர் தெரிந்தது இவர் ஒருவர்தான். எடுத்ததும் “சாப்ட்டீங்களா மிஸ்ஸு?” என்று என்னைக் கேட்பார்.

“கறுப்பி ரெண்டு குட்டி போட்டிருக்குன்னு எழுதுங்க. ரெண்டும் பொட்டக்குட்டி. அவ வந்துதான் பேர் வெக்கணும். அப்புறம், அவ பரிச்சைக்கு மாரியாத்தாளுக்கு காப்புக் கட்டியிருக்கேன், அது அவளுக்கும் தெரியும். அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் எங்கூட்டு அடுப்புல கவுச்சி ஏறாது. அவங்கப்பாதான் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்காரு, அதையும் எழுதுங்க.”

சிரித்தார். ஆட்டுக்குட்டிகளே மூன்று வரியை எடுத்துக்கொண்டன. மற்றதை விட்டுவிட்டேன்.

கவுச்சி. எங்கள் குளச்சல் கடற்கரையில் மீனை யாராவது இப்படிச் சொன்னால் சண்டை வரும்.

மார்ச் 3, திங்கள்

பொதுத்தேர்வு தொடங்கியது. தமிழ். சீட்டு ஐம்பத்தெட்டு. கை வலி.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். அம்மா போன் செய்தாள்.

“மக்ளே, தவக்காலம் தொடங்கியாச்சு. எறச்சி தின்னாத கேட்டியா.”

“மீன்?”

“மீன் தின்னலாம்டீ. இங்க இன்னைக்கு நெத்திலிதான். கொழம்பு வச்சேன், நீ இல்லாம ஒரு வாய் எறங்கல்ல.”

இங்கே விடுதியில் ரசம், பீட்ரூட்.

மார்ச் 6, வியாழன்

ஆங்கிலம். சுலபம் என்றார்கள்.

ஐயா திருச்சியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். விடுதிக் காப்பாளர் குணவதி அக்கா சந்தைக்கு. மாலையில் அலுவலகத்தில் நான் மட்டும்.

சின்னப்பாப்பா அழைத்தார். வழக்கமானதுதான். கடைசியில் மூன்று முறை “சரிங்க மிஸ்ஸு” என்றார். சீட்டு: ‘நல்லா எழுதினியா. நாங்க நல்லா இருக்கோம். பயப்படாத.’

சுண்டலில் உப்பு இல்லை.

மார்ச் 8, சனி

காலை ஒன்பது மணிக்கு ஐயா கூப்பிட்டனுப்பினார்.

உள்ளே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார். ஐயா என்னிடம் “உட்காருங்க சாமி” என்றார். ஐயா எப்போதும் மற்றவர்களை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொள்வார். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் அம்சவேணியின் அப்பா, மாதையன். நேற்று மத்தியானம் சின்னப்பாப்பா காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக்கசிவு. தருமபுரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. இன்று மாலை எடுக்கிறார்கள். மகளை அழைத்துப்போக வந்திருக்கிறார்.

ஐயா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உங்க புள்ள. உங்க முடிவு. இப்பவே கூட்டிட்டுப் போங்க, நம்ம காரையே தர்றேன். ஆனா ஒண்ணே ஒண்ணு யோசிங்க. செவ்வாய்க்கிழமை கணக்குப் பரிச்சை. இந்தப் புள்ள டாக்டராகற புள்ள. இப்ப போனா திரும்பி உக்காந்து எழுதுமுங்களா? பதினாறு நாள் அழுதுட்டு வந்து என்ன எழுதும்? அந்தம்மா இருந்தா என்ன சொல்லியிருக்கும்?”

மாதையன் ஐயாவின் பிடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தார்.

“நான் சொல்லல. மேடம் சைகாலஜி படிச்சவங்க. அவங்களக் கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் என்று சரியாக எழுத வேண்டும். “இந்தச் சமயத்தில் பெரிய அதிர்ச்சி...” என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் முடித்திருக்கலாம். முடிப்பதற்குள் ஐயா “பாத்தீங்களா” என்றார். நான் நிறுத்திக்கொண்டேன்.

“ஐயா சொன்னா சரிங்க” என்றார் மாதையன்.

பிறகு கேட்டார்: “ஒரு தபா தூரத்துல இருந்து பாத்துட்டுப் போகட்டுங்களா?”

வராந்தாவுக்கு நான்தான் அழைத்துப்போனேன். படிப்புக் கூடத்தின் பின்பக்க ஜன்னல். உள்ளே வரிசை வரிசையாக இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், எல்லாம் முதுகுகள். வெகுநேரம் பார்த்தார்.

“எது எம்புள்ளைங்க மிஸ்ஸு?”

நான் காட்டினேன். ஐந்தாவது வரிசை, தூணுக்குப் பக்கத்தில்.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்ததும் ஐயா சொன்னார்: “இன்னைக்கு சாயங்காலம் அதுக்கு ஒரு சீட்டு போகட்டும் சாமி. சீட்டு வரலைன்னா யோசிக்கும். நீங்க அந்தம்மா மாதிரியே எழுதுவீங்களே. இன்னைக்கு ஒண்ணுதான். அப்புறம் பாத்துக்கலாம். பொறுப்பு என்னுது.”

எழுதினேன். ‘கணக்கு நல்லா போடு. கறுப்பி நல்லா பால் கொடுக்குது. வெயில்ல நிக்காத.’

மாலை ஐந்தே கால். அந்த நேரத்தில்தான் அங்கே எடுத்திருப்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

“நேத்து வந்துட்டு இன்னைக்கு வரலைன்னா எப்படி?” என்றார் ஐயா. சரியான கேள்விதான்.

இன்று எழுதுவது நேற்றைவிட எளிதாக இருந்தது. இது எழுதத்தக்க செய்தி என்பதால் எழுதுகிறேன். ‘இன்னைக்கு மீன் கொழம்பு வெச்சேன் கண்ணு. அப்பா வாங்கியாந்தாரு. நீ இல்லாம ஒரு வாய் எறங்கல.’ மூன்றாவது வரி வந்தபோது எனக்கே கண் கலங்கியது. நல்ல சீட்டு என்று நினைத்தேன்.

நல்ல சீட்டு.

மார்ச் 10, திங்கள்

சுண்டல் வரிசையில் அம்சவேணி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒல்லி. கண்ணாடி மூக்கில் நிற்காது, விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாள்.

“மிஸ், நேத்து அம்மாவே பேசினாங்களா?”

“ஆமா.”

“அப்பா இல்லீங்களே? அம்மாதானே?”

“அம்மாதான்.”

“மீன் வெச்சேன்னாங்களா?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல மிஸ்.”

சுண்டலை வாங்காமல் போனாள். நாளை கணக்கு. பயம் இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

கணிதம். வெளியே வந்த பிள்ளைகள் பாதிப் பேர் அழுதார்கள். அம்சவேணி அழவில்லை. “எல்லாம் போட்டுட்டேன் மிஸ்” என்றாள். ஐயா அவள் தலையில் கை வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆறுதலாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

மார்ச் 13, வியாழன்

அம்சவேணி கேட்டாள்: “குட்டிங்களுக்கு என்னா பேர் வெச்சிருக்காங்கன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதறீங்களா மிஸ்?”

மாலையே எழுதிக் கொடுத்தேன். ‘ஒண்ணு மல்லி, ஒண்ணு முல்லை. ரெண்டும் துள்ளுது. நீ வந்து பாரு.’

நின்ற இடத்திலேயே படித்தாள். நான்காக மடித்தாள். “தேங்க்ஸ் மிஸ்” என்றாள். மிக மரியாதையாக.

மார்ச் 15, சனி

துணி துவைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன்.

குணவதி அக்கா சொன்னார்: “உன் அம்சவேணி ஒரு வாரமா முட்டைய எடுக்கறதில்ல. கேட்டா வயிறு சரியில்லங்கறா. பொட்டு வெக்கறதில்ல. என்னா புள்ளையோ.”

குணவதி அக்காவுக்கு விஷயம் தெரியாது. ஐயாவுக்கும் எனக்கும் மட்டும்தான்.

“பரீட்சை வந்தா பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது நம்பிக்கை வரும்க்கா” என்றேன். உளவியல் படித்த குரலில்.

மார்ச் 16, ஞாயிறு

முன்பின் தெரியாத ஒருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னால் மனிதர்கள் எதுவரை கொடுப்பார்கள் என்று ஒரு பழைய ஆய்வு உண்டு. சொல்கிறவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் போதும், பெரும்பாலோர் கடைசிச் சுவிட்சுவரை போவார்கள். எம்.ஏ. வகுப்பில் அதைப் பற்றிப் பேசியபோது நான் முதல் பெஞ்சிலிருந்து சொன்னேன்: நானாயிருந்தால் மூன்றாவது சுவிட்சிலேயே எழுந்து போயிருப்பேன். வகுப்பில் எல்லோருமே அதைத்தான் சொன்னோம். அந்தத் தாளில் எனக்கு எழுபத்தெட்டு.

இங்கே கோட்டு இல்லை. கதர்ச் சட்டை, சந்தனம், ‘சாமி’ என்று ஒரு வார்த்தை. அவர் மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. நம்மை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டு கேட்கிறவரிடம் மறுப்பதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டும். அந்த எழுந்திருத்தல்தான் வரவில்லை.

இப்படி எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இது ஒன்பதாவது சீட்டு.

மார்ச் 17, திங்கள்

வேதியியல். நன்றாக எழுதினாளாம்.

மார்ச் 19, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றரைக்குப் படிப்புக் கூடத்துக்குப் போனேன். தூணுக்குப் பக்கத்தில் அவள். நான் கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்தாள். எதற்கோ காத்திருந்த முகம். புத்தகத்தை மூடி வைத்தாள். பேனாவையும் மூடினாள்.

“என்ன மிஸ்?”

வராந்தாவில் ஐயா நின்றிருந்தார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. தோட்டக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“தண்ணி நிறையக் குடி. வெயில் அதிகம்” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள்.

“சரிங்க மிஸ்.”

மார்ச் 21, வெள்ளி

இயற்பியல். இனி ஒன்றுதான் பாக்கி.

மார்ச் 22, சனி

விடிந்ததும் அம்சவேணி பின்பக்கக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளி வாளியாக. பத்து வாளி இருக்கும் என்கிறார் குணவதி அக்கா. காலைச் சாப்பாட்டில் ஒரு கைப்பிடி சோற்றை எடுத்துக்கொண்டு போய் மதில்மேல் வைத்தாள். காக்கை வரும்வரை வெயிலில் நின்றாள். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் கூடத்துக்குத் திரும்பிப் படிக்க உட்கார்ந்தாள்.

பரீட்சை நம்பிக்கை.

அப்படித்தான் எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

மாலை சீட்டு கொடுக்கும்போது என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

உயிரியல். தேர்வு முடிந்தது. பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்தார்கள்.

ஐயா சொன்னார்: “அப்பா கேட்டுல வந்து நிக்கறாரு. நீங்களே புள்ளகிட்டச் சொல்லிருங்க சாமி. நீங்க சொன்னாத்தான் பக்குவமா இருக்கும்.”

என் அறைக்கு அழைத்து உட்காரவைத்தேன். நான் நின்றேன். நின்ற பிறகுதான் அது யாருடைய வழக்கம் என்று உறைத்தது. உட்கார்ந்தேன்.

“அம்சவேணி...”

அவள் பையைத் திறந்து இரண்டு கட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். மஞ்சள் தாள்கள். இரண்டுக்கும் ரிப்பன் துண்டு கட்டியிருந்தது. ஒன்று தடிமன். ஒன்று மெல்லிசு. தடிமனானதைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இது அம்மாவோடது மிஸ். அது உங்களோடது.”

பதினேழு சீட்டுகள். வரிசையாக. மேலே, எட்டாம் தேதியினுடையது.

“எப்போ தெரியும்?”

“அம்மா உசுரோட இருந்தா எங்க வீட்டு அடுப்புல மீன் ஏறாது மிஸ். குட்டிங்களுக்கு நான் வராம பேரும் வெக்க மாட்டாங்க.” கண்ணாடியைத் தள்ளிக்கொண்டாள். “என்னிக்குன்னுதான் தெரியல. ஆறாந்தேதி சீட்டு அம்மாவோடது. ஏழாந்தேதி வரல. அதனால ஏழுன்னு வெச்சுக்கிட்டேன். அப்படிக் கணக்குப் பண்ணி பதினாறாம் நாள் தலை முழுவினேன். சரிங்களா மிஸ்?”

“சரி.”

வேறென்ன சொல்வது. கணக்கு சரியாக இருந்தது.

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டனே மிஸ்.”

ஆம். கேட்டாள். தேதிவாரியாக இந்த நோட்டில் இருக்கிறது.

எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

“ஆறாந்தேதி அம்மா பேசினப்போ வேற எதுனா சொன்னாங்களா மிஸ்? மூணு வரிக்கு மேல, நீங்க எழுதாம விட்டது?”

“இல்ல” என்றேன்.

கேட்டில் மாதையன் மகளைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் துடைத்து, வண்டியில் ஏற்றினாள்.

மார்ச் 26, புதன்

விடுதி காலி. முன்பக்கங்களைப் புரட்டினேன். மார்ச் ஒன்று: ‘அடுப்புல கவுச்சி ஏறாது.’ என் கையெழுத்து. அந்த வார்த்தை எனக்குப் புதிது என்று ரசித்து எழுதியிருக்கிறேன். எட்டு நாள் கழித்து அந்த அடுப்பில் என் அம்மாவின் குழம்பை ஏற்றியிருக்கிறேன். தவக்காலத்தில் மீன் உண்டு. எங்களுக்கு.

மார்ச் ஆறு. ‘வழக்கமானதுதான்.’

அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆசிரியர் கூட்டம். ஐயா என் பெயரைச் சொன்னார். என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. “நெருக்கடியில நம்ம கூட நின்னவங்க.” கை தட்டினார்கள். அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பின் சீட்டும் என் பொறுப்பு.

எழுந்து நின்று வணங்கினேன்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

ஊரில். காலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பாதிரியாரிடம் வேறு ஏதோ பாவத்தைச் சொன்னேன். அம்மாவிடம் கோபப்பட்டதை.

“மெலிஞ்சு போயிருக்கியே மக்ளே. அங்கெ சாப்பாடு செரியில்லியா?” என்றாள் அம்மா. ஒரு நிமிடத்துக்கு மேல் என் கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

ஒரு நிமிடம் என்பது மிக நீளமானது.

மே 8, வியாழன்

முடிவு வந்தது. அம்சவேணி ஐந்நூற்று எண்பத்தொன்று. பள்ளியில் முதலாவது.

“பாத்தீங்களா சாமி” என்றார் ஐயா. “அன்னைக்கு அனுப்பியிருந்தா?”

அனுப்பியிருந்தால் ஒருவேளை எழுதியிருக்க மாட்டாள். ஒருவேளை இதைவிட நன்றாக எழுதியிருப்பாள். தாயின் முகத்தைப் பார்த்திருப்பாள். அதற்கு மதிப்பெண் போடுகிற தாள் இல்லை.

வாசலுக்கு பேனர் அடிக்க வேண்டுமாம். “அவங்கம்மா விஷயத்தையும் சேர்த்து ஒரு வரி குடுங்க. உங்களுக்குத்தான் எழுத வரும்.”

‘தாயை இழந்தும் தளராத சாதனை.’ இரண்டு நிமிடம் ஆனது.

மே 9, வெள்ளி

பேனர் வந்துவிட்டது. மேலே ஐயா, கைகூப்பி. கீழே அவள், கண்ணாடி நழுவிய முகம். நடுவில் என் வரி, சிவப்பில்.

மார்ச் 6 பற்றி எழுதுகிறேன்.

“சாப்ட்டீங்களா மிஸ்ஸு” என்றார். பரீட்சை எப்படி என்று கேட்டார். பிறகு சொன்னார்: “ரெண்டு நாளா தலை ஒரே வலி மிஸ்ஸு. மனசும் ஒரு மாதிரி இருக்குது. ஒரே ஒரு நிமிசம் அவ குரலக் கேக்கட்டுமா? நான் பேசலைங்க. அவ ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெச்சிடறேன்.”

அலுவலக ஜன்னலுக்கு வெளியே சுண்டல் வரிசை. அம்சவேணி தட்டோடு நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். போனின் வயர் ஜன்னல்வரை எட்டும். ஐயா திருச்சியில் இருந்தார். குணவதி அக்கா சந்தையில். யாரும் பார்க்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தேன்.

“ரூல்ஸ் இருக்கும்மா. முடியாது” என்றேன்.

“சரிங்க மிஸ்ஸு. சரிங்க மிஸ்ஸு. சரிங்க மிஸ்ஸு.”

எட்டாம் தேதியிலிருந்து எழுதியதற்கு ஐயாவைக் காட்டலாம். இரண்டு மாதமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆறாம் தேதிக்குக் காட்ட ஆள் இல்லை. இருபத்தைந்தாம் தேதி அவள் கதவருகே நின்று கேட்டபோது சொன்ன ‘இல்ல’வுக்கும் இல்லை.

மே 10, சனி

அரூர் பஸ். இறங்கி இன்னொரு பஸ். பிறகு நடை. விலாசம் அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. விடுப்புக்கு யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டு வீடு. முன்னால் வேப்பமரம். இரண்டு கறுப்புக் குட்டிகள் என் புடவையை முகர்ந்தன. அவற்றின் பெயரை நான் கேட்கவில்லை.

அம்சவேணி களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தாவணி. என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, பழக்கம் விடாமல், நேராக நிமிர்ந்து நின்றாள்.

“வாங்க மிஸ். அப்பா காட்டுக்குப் போயிருக்காரு. உக்காருங்க.”

“இல்ல. நின்னுக்கறேன்.”

சொன்னேன். மஞ்சள் தாளில் எழுதிவந்திருந்தேன், பதினோரு வரி. எடுக்கவில்லை. வாயால் சொன்னேன். தலைவலியையும் சொன்னேன். ‘அம்மா’ன்னு ஒரு வார்த்தை என்றதையும். அவர் சொன்ன அதே வார்த்தைகளில். அது எனக்கு நன்றாக வரும்.

என் புடவையை முகர்ந்த குட்டியை இழுத்து விலக்கினாள்.

“ஐயா கூடாதுன்னாரா?”

“ஐயா ஊர்ல இல்ல.”

“அப்ப யாரு இருந்தாங்க?”

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

கண்ணாடியைக் கழற்றித் தாவணியில் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“நான் எங்க இருந்தேன்?”

“சுண்டல் வரிசையில. ஜன்னலுக்கு வெளிய.”

“எவ்ளோ தூரம்?”

“பத்தடி இருக்கும்.”

“எனக்குத் தெரியல மிஸ். காட்டுங்க.”

புரியாமல் நின்றேன். அவள் வேப்பமரத்தடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரட்டைப் பின்னல் இல்லை, ஒற்றைப் பின்னல். கையில் தட்டு இருப்பதுபோல் வைத்துக்கொண்டாள்.

“நீங்க போன் இருக்கற எடத்துல நில்லுங்க.”

மரத்திலிருந்து எண்ணி நடந்தேன். பத்து அடி. நின்றேன்.

“அங்கதானா?”

“இங்கதான்.”

“கூப்புடுங்க மிஸ்.”

குட்டி ஒன்று கத்தியது.

“கூப்புடுங்க.”

“அம்சவேணி” என்றேன். சத்தமாகக்கூட இல்லை.

திரும்பினாள்.

“கேக்குது மிஸ்” என்றாள்.